பெட்டி மூடியைப் பார்த்தீர்களா? பின் நம்பர் மறந்து பூட்டிக்கொண்ட போன் பற்றி

கேள்வி இது. பர்மாவில் மோல்மீன் நகரத்தில் இருக்கும் ஒரு தம்பியின் அப்பாவிடம் சாம்சங் போன் ஒன்று. இத்தனை நாளும் கைரேகையில்தான் திறந்துகொண்டிருந்தார். போன வாரம் இரவெல்லாம் கரண்ட் இல்லை, சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. காலையில் சார்ஜ் போட்டு எழுப்பினால் கைரேகையை ஏற்கவில்லை, பின் நம்பர் கேட்கிறது. ஆறு இலக்கம் என்பது மட்டும் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறது. பக்கத்து ரிப்பேர் கடையில், "ரீசெட் பண்ணித்தான் ஆகணும், உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடும்" என்றார்களாம். உள்ளே இருப்பது, இறந்துபோன பாட்டியின் கடைசி வருஷத்துப் படங்கள். படம் போகாமல் திறக்க வழி உண்டா, ரீசெட் செய்தால் பழைய ஜிமெயிலைக் கேட்குமாமே, அதுவும் தெரியாதே என்கிறார்.

தம்பி, அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவசரப்படுகிறார். ரங்கூனில் நானும் பல வருஷமாகப் போன் ரிப்பேர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவன்தான். ரீசெட் பத்து நிமிஷ வேலை, கூலி கைமேல். ஞாபகத்தைக் கிளறுவதும் ஜிமெயிலைத் தேடுவதும் அரைநாள் வேலை, அதற்குக் கூலி கேட்க யாருக்கும் வாய் வராது. அதனால்தான் எல்லாக் கடையிலும் முதல் பேச்சே ரீசெட்டாக இருக்கிறது.

கைரேகை ஏன் திடீரென்று செல்லாமல் போனது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இப்போது வரும் போன்களில் படம், செய்தி, பெயர்ப் பட்டியல் எல்லாமே சங்கேத வடிவில்தான் எழுதி வைக்கப்படுகின்றன. ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வரும் எல்லாப் போனுக்கும் இது கட்டாயம். அந்தச் சங்கேதத்தை அவிழ்க்கும் சாவி எங்கேயும் முழுசாக எழுதி வைக்கப்படவில்லை. நீங்கள் போடும் பின் நம்பரையும் சிப்புக்குள் புதைந்து கிடக்கும் ஒரு ரகசிய எண்ணையும் சேர்த்துப் பிசைந்துதான் அந்தச் சாவி ஒவ்வொரு முறையும் உருவாகிறது. கைரேகையால் அது ஆகாது. சாவி போட்டு ஒருமுறை வீட்டைத் திறந்துவிட்டால், அப்புறம் முகம் பார்த்து உள்ளே விடும் வாட்ச்மேன் மாதிரி அது. போன் அணைந்து எழுந்தால் வீடு மறுபடி பூட்டிக்கொள்ளும், வாட்ச்மேன் கையில் சாவி கிடையாது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? அப்பாவின் போனுக்கு உங்கள் போனிலிருந்து ஒரு கால் போடுங்கள். மணி அடிக்கும், ஆனால் பெரும்பாலும் உங்கள் பெயர் வராது, வெறும் நம்பர்தான் வரும். பெயர்ப் பட்டியலைப் போனாலேயே படிக்க முடியவில்லை என்று அர்த்தம். போனுக்கே தெரியாததைக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்துவிட முடியாது.

ஆகவே "டேட்டா போகாமல் அன்லாக்" என்று காசு கேட்கும் சாஃப்ட்வேர்களை நம்பாதீர்கள். பணத்தைக் கட்டிய பிறகு அவற்றில் பெரும்பாலானவை செய்வது அதே ரீசெட்தான். யூடியூபில் சுற்றும் தந்திரங்களிலும் பாதி, செத்துப்போன காலத்துச் சங்கதி. ஆண்ட்ராய்டு 4.4 வரை, பேட்டர்ன் தப்பானால் ஜிமெயில் பாஸ்வேர்டு போட்டுத் திறக்கும் வசதி இருந்தது, அப்புறம் எடுத்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு 5இல் மிக நீளமான எழுத்துக் குவியலை பாஸ்வேர்டு கட்டத்தில் ஒட்டினால் பூட்டுத் திரையே சரிந்துவிழும் ஓட்டை ஒன்று இருந்தது. 2015இலேயே அதை அடைத்துவிட்டார்கள். கூகுளின் போன் தேடும் பக்கத்திலிருந்து புதுப் பாஸ்வேர்டு வைக்கும் வழியும் முன்பு உண்டு, பூட்டு போட்ட போனில் இப்போது அது நடக்காது.

சரி, என்னதான் செய்வது? போன் என்று ஒன்றாகச் சொல்கிறோமே தவிர, உங்கள் கையில் இருப்பது மூன்று பொருள்: சிம், உள்ளே உள்ள படங்கள், அந்த செட். சிம் அவசரமானது. படம் அருமையானது. செட் காசு கொடுத்தால் கிடைப்பது. ரீசெட் என்பது மூன்றாவதைக் காப்பாற்ற இரண்டாவதைக் கொல்வது. அதற்கு இப்போது என்ன அவசரம்? இதை அப்பாவிடமும் சொல்லுங்கள்.

சிம்மைக் கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு காரியம். சாம்சங் போன் என்பதால், அப்பா எப்போதாவது சாம்சங் அக்கவுண்ட் போட்டிருந்து, தூரத்திலிருந்து திறக்கும் அனுமதியும் முன்பே கொடுத்திருந்தால், சாம்சங்கின் போன் தேடும் தளத்தில் அதே அக்கவுண்டில் நுழைந்து திறந்து பார்க்கலாம். எல்லா மாடலிலும் இந்த வசதி இல்லை, புதிய சிலவற்றில் எடுத்தும் விட்டார்கள். ஆனால் அமைந்துவிட்டால் படத்தோடு திரும்பக் கிடைக்கும் நேர்வழி அது ஒன்றுதான். இதற்கு அந்தப் போனில் இன்டர்நெட் ஓட வேண்டும். சிம்மைப் பிடுங்கிவிட்டால் அந்த டேட்டாவும் போய்விடும், பூட்டிய போனில் புது வைஃபை பிடிப்பதும் லேசில்லை. அதனால்தான் இதை முதலில் செய்யச் சொல்கிறேன்.

அது பலிக்கவில்லை என்றால் சிம்மை எடுத்து ஒரு பழைய போனில் போடுங்கள். ஓடிபி, போன் வழியாகப் பணம் அனுப்பும் வாலட், வைபர் அரட்டை எல்லாம் அந்த நம்பரில்தான் தொங்குகின்றன. வாலட் பணம் போனுக்குள் இல்லை. வேறு போனில் அதே நம்பரோடு வாலட்டின் ரகசிய எண்ணைப் போட்டு நுழைந்தால் இருக்கும். இந்த ரகசிய எண் வேறு, போனின் பின் வேறு, சிம்மின் பின் வேறு. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் மாசத்துக்கு நாலு பேராவது உண்டு. சிம்முக்குப் பின் நம்பர் வைத்திருந்து மூன்று முறை தப்பினால் பியூகே என்று எட்டு இலக்கம் கேட்கும். அதை ஊகித்து விளையாடாதீர்கள், பத்து முறை தப்பினால் சிம் செத்துவிடும். சிம் கம்பெனிக் கவுண்டருக்குப் போய்க் கேளுங்கள்.

சிம் பத்திரமானதும் அவசரம் தீர்ந்தது. இனி நிதானமாக ஞாபகத்தைத் தேடலாம். இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். என் மேசைக்கு வந்து படத்தோடு திறந்த போன்களில் அநேகமாக எல்லாமே, யாரோ ஒருவருக்கு நம்பர் ஞாபகம் வந்து திறந்தவைதான்.

முதல் விதி, போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. காகிதத்தில் யோசியுங்கள். தப்பு முயற்சிகளுக்கு வரம்பு இருக்கிறது. ஆண்ட்ராய்டில் வழக்கமாக ஐந்து தப்புக்கு 30 நொடி காக்க வைக்கும். போகப் போக அந்த நேரம் கூடிக்கொண்டே போய், கடைசியில் ஒரு நாளுக்கு ஒரு முயற்சி என்ற நிலைக்கு வந்து நிற்கும். நான்கு இலக்கப் பின்னிலேயே 10,000 சேர்க்கை உண்டு. நாளுக்கு ஒன்று போட்டால் 27 வருஷம். ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம், அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். சில போன்களில், இத்தனை தப்புக்கு மேல் எல்லாவற்றையும் அழித்துவிடு என்ற ஆப்ஷனும் இருக்கும். யாராவது அதைப் போட்டு வைத்திருந்தால் ஊகிக்கப் போய் நாமே அழித்தது போல் ஆகிவிடும்.

காகிதத்தில் என்ன எழுதுவது? ஆறு இலக்கம் என்றால் நம் ஊரில் நான் முதலில் கேட்பது அடையாள அட்டையின் கடைசி ஆறு எண். மோல்மீன்காரர் அட்டை பத்தில் தொடங்கும், ரங்கூன்காரர் அட்டை பன்னிரண்டில். அந்த முன்பகுதியை விட்டுவிட்டுக் கடைசி ஆறைப் பாருங்கள். அப்பாவுடையது மட்டுமல்ல, அம்மாவுடையது, பிள்ளைகளுடையது எல்லாம் எழுதுங்கள். அப்புறம் பிறந்த தேதி. நாள், மாதம், வருஷம் என்று ஒருமுறை, திருப்பிப் போட்டு ஒருமுறை. வருஷத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய ஆட்கள் பலர் பர்மிய ஆண்டிலேயே யோசிப்பார்கள். ஆங்கில வருஷத்தில் 638ஐக் கழித்தால் பர்மிய வருஷம். சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் திஞ்சான் என்ற பர்மிய வருஷப் பிறப்புக்கு முன்னால், அந்த ஆங்கில வருஷத்தில் பிறந்தவர் என்றால் 639. 1960 ஆடியில் பிறந்தவருக்கு 1322. நம் வீட்டில் தமிழ் வருஷப் பிறப்பு, வெளியே திஞ்சான், ஸ்கூல் சர்ட்டிபிகேட்டில் இங்கிலீஷ் தேதி என்று மூன்று காலண்டரில் வாழ்கிற ஆட்கள் நாம். எந்தக் காலண்டரிலிருந்து அந்த எண்ணை எடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு பெரியவரைச் சொல்கிறேன். தெய்ஞ்சி மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருந்தவர். பின் நம்பர் தனக்கு நன்றாகத் தெரியும், போன்தான் கெட்டுவிட்டது என்று சண்டைக்கு வந்தார். அவர் சொன்ன நம்பரை நானே போட்டேன், தப்பு என்றது. அவரையே போடச் சொன்னேன், மறுபடி தப்பு. காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்கட்டும் என்று என் மேசைக் கால்குலேட்டரை அவர் பக்கம் தள்ளி, "இதிலே ஒருதரம் அடிச்சுக் காட்டுங்க ஐயா, நம்பரை யோசிக்காம அடிங்க" என்றேன். கட்டைவிரல் மேல் வரிசையில் ஆரம்பித்துக் குறுக்கே இறங்கியது. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கால்குலேட்டரில் மேல் வரிசை 7, 8, 9. போனில் மேல் வரிசை 1, 2, 3. நாற்பது வருஷம் கால்குலேட்டர் தட்டிய கைக்கு ஞாபகம் இருந்தது இடம்தான். எண்களை அவர் அந்த இடத்தை வைத்துத் தப்பாகப் பெயர்த்திருக்கிறார். அதே இடங்களைப் போனில் தொட்டார், திறந்துகொண்டது. எனக்கு ஒரு தேநீர் வாங்கித் தந்துவிட்டு, போன்தான் கெட்டிருந்தது என்று கடைசிவரை சாதித்தார்.

இதனால் சொல்கிறேன், அப்பாவை வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரவைத்து, வழக்கமாகப் பிடிக்கும் கையில் அணைந்த திரையோடு போனைக் கொடுத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே திறக்கிற மாதிரி விரலை ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். திட்டிக்கொண்டே கேட்டால் ஒன்றும் வராது.

பேட்டர்ன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு உதவி: திரையைத் துடைக்காதீர்கள். ஒன்பது புள்ளியில் 3,89,112 விதமாகக் கோடு இழுக்கலாம், ஆனால் விரல் தினமும் போன தடம் ஒன்றுதான். திரையை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு சில சமயம் கோடாகத் தெரியும். முகத்தில் பூசத் தனக்கா மரப்பட்டை அரைக்கும் கையாக இருந்தால் இன்னும் நல்லது, மாவு மாதிரி தடம் நிற்கும். கைக்குட்டையால் பளபளவென்று துடைத்துவிட்டு என்னிடம் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரியும்.

எத்தனை நாள் யோசிக்கலாம்? அவசரமே இல்லை. படம்தான் முக்கியம் என்றால் ரீசெட் செய்யாமல் போனை எடுத்து பீரோவில் வையுங்கள், இரண்டு மூன்று மாசத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள். சங்கேதம் தானாகக் கலைந்து போகாது. ஆறு மாசம் கழித்து ஒருவர் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது நம்பர் ஞாபகம் வந்து எனக்குப் போன் போட்டார். அந்த வீட்டில் செட்டை அன்றைக்கே அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

படங்களின் நகல் வேறெங்காவது இருக்கிறதா என்பதையும் இதே சமயம் பாருங்கள். போனில் மெமரி கார்டு இருந்தால் கழற்றிக் கம்ப்யூட்டரில் போடுங்கள். கார்டையும் தனியாகச் சங்கேதம் செய்யாதிருந்தால் அப்படியே திறக்கும். பலர் கேமராப் படங்கள் கார்டில் சேரும்படி வைத்துவிட்டு அதை மறந்தே போயிருப்பார்கள். அப்பா யாருக்காவது வைபரிலோ மெசஞ்சரிலோ அனுப்பிய படங்கள் எதிர்ப்பக்கத்துப் போனில் இருக்கும். சித்தப்பா, அத்தை, மெட்ராஸ் பக்கம் இருக்கும் சொந்தம் எல்லாரிடமும் கேளுங்கள். டெலிகிராம் என்றால் சாதாரண அரட்டைகள் அதன் சர்வரிலேயே இருப்பதால், நம்பரைப் போட்டு வேறு போனில் நுழைந்தாலே பழையதெல்லாம் வரும். கூகுள் ஃபோட்டோஸ் பேக்கப் ஓடியிருந்தால் ஜிமெயில் கிடைத்த நிமிஷமே பாட்டி உங்கள் கைக்கு வந்துவிடுவார்.

அந்த ஜிமெயில்தான் நம் ஊரில் உண்மையான பூட்டு. அது எப்படி வந்தது என்று பழைய கதையைச் சொன்னால்தான் விளங்கும். 2014க்கு முன்னால் இங்கே சிம் கார்டு வசதிப்பட்டவர்கள் வைத்திருக்கும் சாமான். அந்த வருஷம் ஊரிடூ, டெலினார் என்ற இரண்டு வெளிநாட்டு சிம் கம்பெனிகள் வந்து 1500 சாட்டுக்கு (சாட் என்பது பர்மியப் பணம்) சிம் கொடுத்ததும் ஊரே ஒரே சமயத்தில் டச் போனுக்கு மாறியது. ஈமெயில் என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்குப் போன் கடைப் பையன்களே ஜிமெயிலும் பேஸ்புக்கும் திறந்து கையில் கொடுத்தார்கள். பெயர் என்ன போட்டார்கள், பாஸ்வேர்டு என்ன, யாருக்கும் தெரியாது. கடைசியாக மீட்பு நம்பர் கேட்கும் இடத்தில் கடையின் நம்பரைப் போட்டவர்களும் உண்டு. அப்புறம் செட் மாறும்போதெல்லாம் பழையதை விட்டுவிட்டுப் புது ஜிமெயில். மூன்று நான்கு தலைமுறை ஜிமெயில்கள் இப்படி அநாதையாகக் கிடக்கின்றன. சிம்மும் மாறிக்கொண்டே இருந்தது. டெலினாரே 2022இல் ஆட்டம் என்று பெயர் மாறிவிட்டது.

இதோடு ஆண்ட்ராய்டு 5.1 காலத்திலிருந்து எஃப்ஆர்பி என்று ஒரு காவல் சேர்ந்துகொண்டது. பூட்டிய போனைப் பட்டன் அழுத்தி வெளியிலிருந்து ரீசெட் செய்தால், திரும்ப எழுந்ததும் அதில் முன்பு இருந்த கூகுள் அக்கவுண்டையோ பழைய பூட்டையோ கேட்கும். இரண்டும் இல்லை என்றால் படமும் போய், செட்டும் செங்கல். திருடனுக்கு வைத்த பூட்டு நியாயமானதுதான். ஆனால் தன் ஜிமெயில் எதுவென்று தெரியாதவரையும் அது திருடனாகத்தான் பார்க்கும். இதைச் சுற்றிக்கொண்டு போக ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு குறுக்குவழி கடைகளில் புழங்கியது. ஆண்ட்ராய்டு 15இல் அதையும் பெரிதாக இறுக்கிவிட்டார்கள்.

ஆகவே, ஜிமெயில் கையில் கிடைக்கும்வரை ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள். எங்கே தேடுவது? முதலில் போன் வந்த பெட்டி. அந்தக் காலத்துக் கடைப் பையன்களில் பொறுப்பானவர்கள் பெட்டி மூடியின் உட்புறத்தில் நீலப் பேனாவால் ஜிமெயிலும் பாஸ்வேர்டும் எழுதித் தருவார்கள். வாரன்டி கார்டின் பின்பக்கம், பில்லின் ஓரம் எல்லாம் பாருங்கள். எழுத்து பர்மிய எண்களில் இருந்தாலும் இருக்கும். அதில் சுழியும் ‘வ’ என்ற பர்மிய எழுத்தும் ஒரே வட்டம்தான், கவனித்துப் படியுங்கள். அப்பாவின் பழைய போன் எங்காவது மூலையில் கிடந்தால் அதை எழுப்பிப் பாருங்கள், அதே அக்கவுண்ட் அதில் இன்னும் உயிரோடு இருக்கலாம். எதுவும் இல்லை என்றால் கூகுளில் ஈமெயில் மறந்துவிட்டது என்ற வழியில் போய், நம்பரையும் அக்கவுண்டில் இருந்த பெயரையும் கொடுத்தால் எந்த ஜிமெயில் என்று காட்டும். பெயரைக் கடைப் பையன் பர்மியப் பெயராகப் போட்டிருப்பான். நம் ஆட்களில் வீட்டுக்கு ஒரு பெயர், வெளிக்கு ஒரு பெயர் உள்ளவர்கள் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஜிமெயில் தெரிந்து பாஸ்வேர்டு தெரியாவிட்டால் மீட்பு வழி இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் அதில் தவறுகிற இடம் ஒன்று: விபிஎன், அதாவது நெட்டை வேறு நாட்டு வழியாகச் சுற்றிவிடும் ஆப். இங்கே பாதிப்பேர் போனில் அது எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். வழக்கமான சாதனம், வழக்கமான இடம் இவற்றைப் பார்த்துத்தான் கூகுள் ஆளை நம்புகிறது. மோல்மீன்காரர் சிங்கப்பூரிலிருந்து வந்து கதவைத் தட்டினால் சந்தேகப்படத்தான் செய்யும். விபிஎன்னை அணைத்துவிட்டு, அப்பா வழக்கமாக வைஃபை பிடிக்கும் வீட்டிலிருந்தே, அவர் முன்பு நுழைந்திருக்கக்கூடிய கம்ப்யூட்டரிலோ போனிலோ முயலுங்கள். கடைசியாக ஞாபகம் இருக்கும் பாஸ்வேர்டு கேட்டால் பழையது எதுவானாலும் போடுங்கள், வெறுமனே விடாதீர்கள். ஒரே நாளில் இருபது தடவை முட்டாதீர்கள். பாஸ்வேர்டு மாற்றி உள்ளே நுழைந்துவிட்டால் முதல் வேலை படங்களைப் பார்ப்பது, இரண்டாவது வேலை மீட்பு நம்பரை இன்றைய சிம்முக்கு மாற்றுவது. அதன்பின் குறைந்தது 24 மணி நேரம் பொறுத்துத்தான் போனை ரீசெட் செய்ய வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. பலர் மாற்றிய கையோடு அழித்துவிட்டு, சரியான பாஸ்வேர்டையே ஏற்கவில்லை என்று ஓடி வருவார்கள்.

ரீசெட் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறையச் சார்ஜ் இருக்க வேண்டும், பாதியில் அணைந்தால் வம்பு. சாம்சங்கில் வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, திரை கறுத்தவுடன் வால்யூம் கூட்டும் பட்டனுக்கு மாற வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தால்தான் அந்த மெனு வரும். இது தெரியாமல் பட்டன் கெட்டுவிட்டது என்று பட்டன் மாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஷாவ்மி, ஓப்போ, விவோ ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறும், ஷாவ்மியில் கூகுளோடு அதன் சொந்த அக்கவுண்டையும் கேட்கலாம். ஜிமெயில் எந்த வழியிலும் கிடைக்காதவர்களுக்கு மிச்சம் இருப்பது பில்லோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவது. பில் இருந்தால் அவர்கள் பார்ப்பார்கள். படம் வராது, செட் வரும்.

ஐபோன்காரர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம். ஐஓஎஸ் 17 முதல், பாஸ்கோடு மாற்றி 72 மணி நேரத்துக்குள் புதியதை மறந்துவிட்டால் பழையதைப் போட்டே உள்ளே போகலாம். நேற்று மாற்றி இன்று மறந்தவர்களுக்கு இது வரம், ஆனால் பாதிப்பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது கடந்துவிட்டால் பூட்டுத் திரையிலேயே அழிக்கும் ஆப்ஷன் வரும் (ஐஓஎஸ் 15.2 முதல், நெட் இருந்தால்). அல்லது கம்ப்யூட்டரில் மாட்டி ரிக்கவரி மோடில் போட வேண்டும். நம் நெட் வேகத்தில் சாஃப்ட்வேர் இறங்க 15 நிமிஷத்துக்கு மேல் ஆனால் போன் ரிக்கவரியை விட்டு வெளியே வந்துவிடும். பயப்படாமல் முழுசாக இறங்கட்டும் என்று விட்டு, மறுபடி ரிக்கவரியில் போடுங்கள். எப்படி அழித்தாலும் கடைசியில் ஆப்பிள் ஐடி கேட்கும். வாங்கிய பில் இல்லாத செகண்ட்ஹேண்ட் ஐபோன் என்றால் அங்கே கதை முடிந்தது.

இன்னொரு ரகம் உண்டு: பின் தெரியும், திரை உடைந்து தொட முடியவில்லை. மாண்டலே நிலநடுக்கத்துக்குப் பிறகு இப்படி நிறைய வந்தன. இது பூட்டுப் பிரச்சினையே இல்லை. ஓடிஜி கேபிள் ஒன்று வாங்கி சாதாரண கம்ப்யூட்டர் மவுஸை மாட்டினால் திரையில் அம்புக்குறி வரும், அதை வைத்தே பின்னை அழுத்தலாம். இதற்கும் ரீசெட் செய்யச் சொல்லும் கடையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கைரேகை இன்னும் வேலை செய்கிறது, பின் மட்டும் மறந்துவிட்டது என்பவர்கள் யாராவது இருந்தால், அவர்கள்தான் இப்போது ஓட வேண்டியவர்கள். பின்னை மாற்றப் பழைய பின்னைக் கேட்கும், அது நடக்காது. ஆனால் போன் திறந்திருக்கிறது. சார்ஜரில் குத்துங்கள், பவர் பேங்க் பக்கத்தில் இருக்கட்டும், அணைய விடாதீர்கள். ஆண்ட்ராய்டு வழக்கமாக மூன்று நாளுக்கு ஒருமுறை எப்படியும் பின் கேட்கும், அதற்குள் படம், நம்பர், வைபர் பேக்கப் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். திஞ்சான் தண்ணீர் விளையாட்டு சமயத்தில் ஈரவிரலைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்காதீர்கள், நாலைந்து தப்புக்குப் பிறகு அதுவும் பின்தான் கேட்கும்.

தம்பி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சாம்சங் அக்கவுண்டை முதலில் பாருங்கள், அப்புறம் சிம்மைக் கழற்றுங்கள், மெமரி கார்டு இருந்தால் அதையும். அப்பாவின் அட்டை எண், பர்மிய வருஷம், பழைய மோட்டார் சைக்கிள் நம்பர் எல்லாம் காகிதத்தில் எழுதுங்கள். பாட்டி இறந்த தேதியையும் எழுதுங்கள். நெருங்கியவரை இழந்தவர்கள் பூட்டு மாற்றும்போது மனசில் இருப்பது பெரும்பாலும் அதுதான், வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். இதற்கிடையில் அம்மாவிடம் போன் வந்த பெட்டி எங்கே என்று கேளுங்கள். நம் வீடுகளில் அந்தப் பெட்டியைத் தூக்கி எறிய மாட்டார்கள், அதில் தையல் நூலோ மாத்திரையோ இருக்கும். மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பெட்டிப் பக்கவாட்டில் எஸ்எம் என்று தொடங்கும் மாடல் நம்பரையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். ஜிமெயிலை மட்டும் எழுதினால் போதும், பாஸ்வேர்டை யாருக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கும்தான்.